பொம்மைச் சிப்பாய்களும் நம் மனச்சாட்சியும்



சர்வேசுரனுடைய ஐந்தாம் கற்பனை கொலையை விலக்குகின்றது. கொலைகளிலெல்லாம் பெருங்கொலை யுத்தம். அந்த யுத்தத்தை ஒரு மேஜையின்மேல் பரப்பி வைத்து, அதில் சாகும் வீரர்களைச் சிறு பொம்மைகளாக வார்த்து, அவற்றுக்கு அழகழகாய் வர்ணம் தீட்டி, ஓய்வு வேளையில் நண்பரோடு அமர்ந்து விளையாடுவது கிறிஸ்தவனுக்குத் தகுமா? இது பாவமா, குற்றமற்ற பொழுதுபோக்கா, அல்லது இரண்டுக்கும் நடுவில் நின்று நம்மைச் சோதிக்கும் ஒரு காரியமா? இந்த வாரம் இதைச் சற்று நிதானமாக ஆலோசிப்போம்.

இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி முதலிய தேசங்களில் இவ்விளையாட்டில் ஈடுபட்டவர்கள் ஏராளம். சிறுவர் மாத்திரமல்ல, குடும்பஸ்தர், வாத்தியார், வைத்தியர், ஏன், போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் இதில் உண்டு. பொம்மையின் உயரம் ஓர் அங்குலம், அல்லது அதற்குச் சற்று முன்பின். வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்தது. முதலில் வார்ப்பின் பிசிறுகளை அரத்தால் ராவி, சோப்பு நீரில் கழுவி, அடிப்பூச்சு கொடுத்து உலர்த்துவார்கள். பின்பு முகம், கை, கோட்டு, தோல்வார், துப்பாக்கி என ஒவ்வொன்றாக மெல்லிய தூரிகையால் தீட்டுவார்கள். நீர்த்த கருஞ்சாயத்தைத் துணி மடிப்புகளில் ஓடவிட்டால் நிழல் விழும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவினால் வெளிச்சம் தெரியும். கடைசியில் வார்னிஷ். இப்படி ஒரே பொம்மைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவாவதும் உண்டு. ஒரு சேனைக்கோ இப்படிப்பட்ட பொம்மைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

சேனை தயாரானபின் மேஜைமேல் குன்றும் தோப்பும் பண்ணைவீடும் அமைத்து, அளவுகோலால் தூரத்தை அளந்து படையை நகர்த்துவார்கள். யார் விழுந்தார், யார் நின்றார் என்பதைப் பகடை தீர்மானிக்கும். விழுந்த பொம்மையை எடுத்து ஓரமாக வைப்பார்கள். அவ்வளவுதான் அதன் சாவு.

இது எங்கோ தூர தேசத்தாரின் விநோதம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேர் கைபேசித் திரையில் நகரங்களைத் தீக்கிரையாக்கி விளையாடுகிறார்கள்! செய்தித்தாளில் போர்ச் செய்தியைப் படிக்கையில், எந்தப் பட்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கிரிக்கெட் கணக்குப்போலச் சொல்லிவிட்டு நாமும் காப்பியைக் குடிக்கவில்லையா? ஆகவே கேள்வி எல்லாருக்கும் பொதுவானது. பொம்மைச் சிப்பாய் அதை நம் கண்ணுக்குமுன் சிறிதாகவும் தெளிவாகவும் நிறுத்துகிறான், வேறொன்றுமில்லை.

இந்த விளையாட்டு வந்த வழி

18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் தகட்டைப்போல் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். 1893-ல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியபோது, அவை மலிந்து சாதாரண வீடுகளுக்குள்ளும் புகுந்தன.

இதற்கிடையில் வேறொரு கிளையும் தோன்றியது. பிரஷ்யா தேசத்தில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு ஒரு போர் விளையாட்டை வகுத்து 1812-ல் அரசருக்குக் காட்டினார். இராணுவ அதிகாரியாகிய அவர் குமாரர் அதைத் திருத்தி, 1824-ல் விதிநூல் வெளியிட்டார். அதில் பொம்மைகள் இல்லை, வர்ண முகங்கள் இல்லை. நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகள் மட்டுமே. ஒவ்வொரு கட்டையும் ஒரு பட்டாளம். பகடை விழுந்ததும் எத்தனை பேர் சேதம் என்று அட்டவணையைப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். இது விளையாட்டல்ல, யுத்தப் பயிற்சியே என்று கண்ட பிரஷ்ய சேனைத் தலைமை, அதைத் தன் அதிகாரிகளுக்குக் கற்பித்தது. 1914-க்கு முன்னமே ஐரோப்பாவின் சேனைத் தலைமைகள் பலவும் இப்படிப்பட்ட ஆட்டங்களால் போரை ஒத்திகை பார்த்திருந்தன.

வாசகரே, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மெய்யான போரை நடத்தியவர்களுக்கு முகமுள்ள பொம்மை தேவைப்படவில்லை. முகமற்ற கட்டையே போதுமாயிருந்தது. நாம் சொல்லப்போகும் காரியத்துக்கு இதுவே ஆதாரம்.

விளையாட்டாகவே இதை விரும்பினவர்களும் உண்டு. 1881-ம் ஆண்டின் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், மார்பு நோயால் வருந்திய ஆசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனாகிய சிறுவனோடு தரையில் தகரச் சிப்பாய்களைப் பரப்பி நாட்கணக்காய் விளையாடினார். நோயாளிக்கு அது ஆறுதல், சிறுவனுக்கு அது தகப்பனுடைய நேசம். இதில் யார் குற்றங்காணக் கூடும்?

மற்றோர் ஆசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ். அவர் 1913-ல் இந்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு சிறு நூல் எழுதினார். சிறு போரை விளையாடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எவ்வளவு மூடத்தனமானது என்று விளங்கும் என்பது அந்நூலின் முடிவில் அவர் சொல்லும் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் அடுத்த ஆண்டே, 1914-ல், மகா யுத்தம் மூண்டது. அதே வெல்ஸ் அந்த யுத்தத்தை ஆதரித்து, போர்களுக்கெல்லாம் முடிவு கட்டப்போகும் போர் இது என்று எழுதினார். அது எதற்கும் முடிவு கட்டவில்லை என்பதை உலகம் அறியும். ஏறக்குறைய ஒரு கோடிச் சிப்பாய்கள் மாண்டனர்; இருபத்தோராவது வருஷத்தில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பொம்மைப் போர் மனிதனுக்குப் புத்தி புகட்டலாம். ஆனால் அந்தப் புத்தி தானாய் நிலைத்து நிற்பதில்லை என்று இதனால் அறிகிறோம்.

அர்ச்சியசிஷ்டவர்கள் சொல்வது என்ன?

விளையாட்டே ஆகாது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. அர்ச். அருளப்பரைப்பற்றிப் பழைய துறவிகள் சொல்லிவந்த ஒரு கதையை அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் எடுத்துக் காட்டுகிறார். அப்போஸ்தலர் தம் சீஷரோடு விளையாடக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அவர் அம்பு எய்யச் சொன்னார். அவன் பல அம்புகள் எய்தபின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அவ்விதமே, ஒருபோதும் தளராமல் இழுத்துக் கட்டினால் முறியும் என்று அப்போஸ்தலர் உத்தரவு சொன்னாராம்.

ஆனால் அதே அக்குவீனாஸ் விளையாட்டுக்கு மூன்று வரம்புகளும் இடுகிறார். முதலாவது, விளையாட்டின் இன்பம் இழிவான செயலிலோ பிறருக்குத் தீங்கு தரும் வார்த்தையிலோ இருக்கலாகாது. இரண்டாவது, விளையாட்டில் மனம் தன் நிதானத்தை முழுவதும் இழந்துவிடலாகாது. மூன்றாவது, அது ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியிருக்க வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் எளிதில் விளங்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டுச் சேனை நகர்த்துகிறவனும், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் பாக்கியிருக்கப் பெட்டி பெட்டியாய்ப் பொம்மை வாங்குகிறவனும் வரம்பைத் தாண்டினவர்களே. வாங்கி வர்ணம் தீட்டாமல் குவித்து வைத்த பொம்மைகளை ஈய மலை என்று இவ்விளையாட்டுக்காரர் தாங்களே வேடிக்கையாய்ச் சொல்லிக்கொள்வதுண்டு. சிரிப்பதோடு நில்லாமல், அந்த மலைக்குள் பேராசை எவ்வளவு என்று ஆத்தும சோதனையும் செய்துகொள்வது நலம். பழைய பொம்மைகளில் ஈயம் இருக்கும் ஆகையால், குழந்தைகள் அவற்றை வாயில் வையாதபடி பார்த்துக்கொள்வதும், தூரிகை நுனியை உதட்டால் கூராக்கும் பழக்கத்தை விடுவதும் ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்ததுதான்.

முதல் வரம்புதான் நம் கேள்வியின் மையம். போர் விளையாட்டின் இன்பம் எதில் இருக்கிறது? கொல்வதிலா?

மெய்யாகவே கொலையைப் பார்த்து இன்புறும் நோய் மனிதனுக்கு உண்டு. அர்ச். அகுஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுஸைப்பற்றி எழுதியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உரோமாபுரியில் மனிதர் ஒருவரையொருவர் வெட்டி மாய்க்கும் அரங்குக்கு நண்பர்கள் அவரை வலிய இழுத்துச் சென்றார்கள். அவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஒருவன் விழுந்தபோது கூட்டம் ஆரவாரித்தது. என்னவென்று பார்க்கக் கண் திறந்தார்; அவ்வளவே, இரத்தத்தைக் கண்ட மாத்திரத்தில் அந்தக் கொடுமையின் வெறி அவரைப் பிடித்துக்கொண்டது. வந்தபோது இருந்த மனிதராய் அவர் திரும்பவில்லை. பிற்பாடு சர்வேசுரன் கிருபையால் மனந்திரும்பி மேற்றிராணியாரானார் என்பது வேறு விஷயம்.

பொம்மைப் போரில் இந்த இரத்த வெறி உண்டா? நியாயமாய்ச் சொன்னால், பெரும்பாலும் இல்லை. ஆட்டக்காரனின் இன்பம் யோசனையிலும் எதிர்பார்ப்பிலும் நட்பிலும் இருக்கிறது. சதுரங்கத்தில் யானையை வெட்டுகிறவன் கொலைகாரனல்லவே. 1962-ல் இவ்விளையாட்டைப்பற்றிப் பேர்போன நூல் ஒன்று எழுதி அதைப் பரப்பிய டொனால்டு பெதர்ஸ்டோன், இரண்டாம் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் சேவகம் செய்தவர். பின்னர் உடற்பயிற்சி வைத்தியராய் நோயாளிகளின் உபாதை தீர்க்கப் பாடுபட்டவர். மெய்யான போரைக் கண்ட அவருக்குப் பொம்மைப் போர் எதுவென்று தெரியாமலா போயிருக்கும்?

ஆகவே ஆபத்து இரத்த வெறியில் இல்லை. அதற்கு நேர் எதிரான இடத்தில் இருக்கிறது. இரத்தமே தெரியாதிருப்பதில் இருக்கிறது.

ஒரு பொம்மை, இருபது மனிதர்

பல விதிநூல்களின்படி மேஜைமேல் நிற்கும் ஒரு பொம்மை ஒரு மனிதனல்ல. அது இருபது பேரையோ முப்பது பேரையோ குறிக்கும். பகடை விழுகிறது, ஒரு பொம்மையை எடுத்து ஓரத்தில் வைக்கிறோம்; இருபது தாய்மாரின் பிள்ளைகள் போனார்கள். பெயரில்லை, அழுகையில்லை, அடக்கமில்லை.

மேலேயிருந்து குனிந்து பார்க்கிறவன் கண்ணுக்கு மனிதர் சிறியவராகவும் ஒரேமாதிரியாகவும் தெரிவார்கள். இந்தப் பார்வைக்கு வேதாகமத்தில் ஓர் உதாரணம் உண்டு. தாவீது அரசர் யெருசலேமில் அரண்மனையில் இருந்துகொண்டு, முற்றுகையிடப்பட்ட தூரத்து நகரத்தில் உரியாஸ் என்னும் வீரனை ஒரு கடிதத்தால் நகர்த்தினார். போர் மும்முரமான இடத்தில் அவனை நிறுத்தி, மற்றவர்கள் பின்வாங்க வேண்டும் என்பது கட்டளை. அந்தக் கடிதத்தை எடுத்துச் சென்றவனும் உரியாஸே. ஒரு காயை நகர்த்துவதுபோல் ஒரு மனிதனை நகர்த்திவிட்டார். கையில் இரத்தக் கறை படவில்லை. ஆனாலும் சர்வேசுரனுடைய தீர்க்கதரிசி வந்து, அந்த மனுஷன் நீரே என்று முகத்துக்கு நேரே காட்டினார். அதே அரசர் பிற்காலத்தில் வாளெடுக்கத்தக்கவர் எத்தனை பேர் என்று தம் ஜனங்களை எண்ணச் சொன்னபோது, முரட்டுச் சேனாதிபதியாகிய யோவாப் கூட அது வேண்டாமென்று தடுத்ததாக வாசிக்கிறோம். தமக்குச் சொந்தமல்லாத ஆத்துமங்களைத் தம் கைப்பொருள்போல் எண்ணினதே அங்கே குற்றம்.

இதற்கு எதிராக இன்னொருவனை வையுங்கள். கப்பர்நாவூமின் நூற்றுவர் தலைவன், தன் வார்த்தைக்கு நூறு சிப்பாய்கள் நகர்வார்கள் என்று தானே ஆண்டவரிடம் சொன்னவன். போ என்றால் போவார்கள், வா என்றால் வருவார்கள். மனிதரைக் காய்போல் நகர்த்தப் பழகிய அவன், சேசுநாதரிடம் கேட்க வந்தது என்ன? வெற்றியா? பதவியா? நோயாய்க் கிடந்த ஒரே ஒரு வேலைக்காரனின் சுகத்தைக் கேட்டான். நூறு பேரை ஆண்டவனுக்கு ஒருவனின் வேதனை மறையவில்லை. அதனால்தான் அந்நியனாகிய அவன் சொன்ன வார்த்தையைத் திருச்சபை எடுத்து, தேவநற்கருணை வாங்குமுன் நம் ஒவ்வொருவர் வாயிலும் வைத்திருக்கிறது. பூசைதோறும் ஒரு சிப்பாயின் செபத்தையல்லவா நாம் சொல்லுகிறோம்!

தாவீதுக்கு உரியாஸ் ஒரு காய். நூற்றுவர் தலைவனுக்கு வேலைக்காரன் ஒரு மனிதன். பொம்மைப் போர் விளையாடுகிறவன் இவ்விருவரில் யாராய் எழுந்து போகிறான் என்பதே கேள்வி.

தூரிகை கற்பிப்பது

இங்கேதான் வர்ணம் தீட்டும் வேலைக்கு ஒரு மேன்மை இருப்பதாக நான் எண்ணுகிறேன். மேஜை மனிதனைத் தூரத்தில் நிறுத்துகிறது. தூரிகையோ அவனைக் கண்ணருகே கொண்டுவருகிறது. விளையாட்டில் இருபது பேருக்கு ஒரு பொம்மை. தீட்டும்போதோ ஒரு பொம்மைக்கு ஒரு முகம். கண்ணுக்கு ஒரு புள்ளி, உதட்டுக்கு ஒரு கோடு, பொத்தானுக்கு ஒரு பொட்டு. இவ்வளவு பொறுமையோடு ஒரு சிப்பாயின் முகத்தை அவன் தலைவனாவது பார்த்திருப்பானா?

பொத்தான் என்றேனே, அதைப்பற்றி ஓர் உண்மைச் சம்பவம். 1812-ல் நெப்போலியன் நான்கு லட்சத்துக்கும் அதிகமான சேனையோடு ருஷியாவுக்குள் புகுந்தார். பசியும் குளிரும் நோயும் சேர்ந்து அந்தச் சேனையை அழித்தன. 2001-ல் லித்துவேனியா தேசத்தின் வில்னியுஸ் நகரில், பழைய படைமுகாம் இருந்த இடத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகள், பெரும்பாலும் வாலிபருடையவை. இவர்கள் யார் என்று எப்படி அறிந்தார்கள்? துணி மக்கிய இடத்தில் கிடந்த பொத்தான்களால். பட்டாளத்தின் எண் அதில் பொறித்திருந்தது. மனிதனுடைய பெயர் அழிந்துபோயிற்று, பொத்தான் மிஞ்சியது. பேன் பரப்பும் காய்ச்சல் முதலிய கொள்ளைநோய்களின் தடயங்களைப் பிற்கால ஆராய்ச்சியாளர் அவர்கள் பற்களிலே கண்டார்கள். 2003-ல் அந்நகரின் அந்தாகால்னிஸ் கல்லறையில் அவர்களை மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சேனையின் சிப்பாய்க்கு இன்று ஒருவர் நீலக் கோட்டு தீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீலம் சரியான நீலமா என்று நூல்களைப் புரட்டுகிறார். நல்லது, அதுவும் உண்மையின்மேல் உள்ள பற்றுதான். ஆனால் அந்தப் பொத்தானில் பித்தளைப் பொட்டு வைக்கும் கணத்தில் வில்னியுஸ் குழியை நினைத்தாரானால், அந்த வேலை வேலையாய் மட்டும் இராது. ஏறக்குறைய ஒரு தியானமாகிவிடும். அணிவகுப்பில் மட்டுமே அந்தக் கோட்டு பளபளப்பாயிருந்தது. பாதயாத்திரையில் அது கிழிந்தது, சேறானது. கால்சட்டையில் கொஞ்சம் சேற்று நிறம் தடவத் துணிகிறவன், புகழ்ச்சியைவிட உண்மையை மதிக்கிறான்.

உண்மை என்றதும் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1830 முதல் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியொன்றைச் செய்ய உழைத்தார். களத்திலேயே மாதக்கணக்காய்த் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணியளவில் நீர் எங்கே நின்றீர் என்று கேட்டார். 1838-ல் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு சிப்பாய்களோடு அந்த மாதிரி லண்டனில் காட்சிக்கு வந்தது. இன்று அது அந்நகரின் தேசிய இராணுவக் காட்சிசாலைக்குச் சொந்தம். ஆனால் வெற்றியில் பிரஷ்யருக்கு இவ்வளவு பங்கா என்று பெரிய இடத்தில் மனஸ்தாபம் எழுந்தது. பிரஷ்யப் பொம்மைகளில் பலவற்றை அவர் பிற்பாடு அகற்றிவிட்டார். 1815, ஜூன் 18-ல் அந்தக் களத்தில் மூன்று சேனைகளிலும் விழுந்தவர் நாற்பதினாயிரத்துக்கு மேல். அரிசிமணிபோன்ற ஒரு பொம்மையை எடுப்பதும் வைப்பதும் எட்டாம் கற்பனையைத் தொடும் காரியமாகக் கூடுமென்று யார் நினைத்திருப்பார்கள்! மரித்தவர்களுக்கும் நற்பெயர் உண்டு; அவர்களுக்கும் நாம் உண்மை கடன்பட்டிருக்கிறோம்.

கறைபட்ட உடுப்பு

ஒரு கடினமான கேள்வி உண்டு. அக்கிரமக்காரரின் சேனைக்கு வர்ணம் தீட்டலாமா?

சரித்திரப் போரைக் காட்ட இரு பட்சமும் வேண்டும் என்பது மெய். ஆனால் எல்லா உடுப்பும் ஒன்றல்ல. 1944, ஜூன் 10-ல் ஹிட்லரின் எஸ். எஸ். படையைச் சேர்ந்த டாஸ் ரைக் டிவிஷன் சிப்பாய்கள் பிரான்சு தேசத்தின் ஒராதூர் சுர் கிளான் என்னும் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டுக்கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பங்குக் கோவிலுக்குள் அடைத்து, தீ வைத்துக் கொன்றார்கள். மாண்டவர் 640-க்கு மேல். கூரையில்லாத அந்தக் கோவில் இன்றும் அப்படியே நிற்கிறது. ஜெர்மனியில் நாஸிச் சின்னங்களைப் பகிரங்கமாய்க் காட்டுவது சட்டப்படி குற்றம். கலை, கல்வி, ஆராய்ச்சி முதலியவற்றுக்கே விலக்கு உண்டு.

அந்த உடுப்பை ஒருவர் தீட்டுகிறார் என்றால், அவர் மனச்சாட்சியைக் கேட்கட்டும்: இது அக்கிரமத்தை நினைவூட்டவா, அல்லது அந்தக் கறுப்பு நிறமும் மண்டையோட்டுச் சின்னமும் மனதுக்குக் கவர்ச்சியாயிருப்பதாலா? முந்தினதானால் சரித்திரம். பிந்தினதானால், தூரிகையைக் கீழே வைக்க வேண்டிய வேளை அது. அழகு நல்ல ஈவு. ஆனால் அழகைக் கொண்டு தீமைக்குப் போர்வை நெய்வது பசாசின் பழைய தொழில்.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். விதிநூலில் எல்லாருக்கும் விதியுண்டு. குதிரைக்கு இத்தனை அங்குலம், பீரங்கிக்கு இத்தனை பகடை. பயந்து ஓடும் பட்டாளத்துக்குக்கூட விதியுண்டு. ஆனால் மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்கிறவனுக்கு விதி எங்கே? ஆஸ்திரியா தேசத்தில் பிரான்ஸ் யேகர்ஸ்டாட்டர் என்ற குடியானவர் இருந்தார். பங்குக் கோவிலில் கோவில்பிள்ளையாக ஊழியம் செய்தவர். மனைவியும் மூன்று பெண்மக்களும் உடையவர். ஹிட்லரின் அநியாய யுத்தத்தில் சேவிக்க மறுத்தார். 1943, ஆகஸ்டு 9-ல் அவர் தலையை வெட்டினார்கள். 2007-ல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று பிரசித்தம் செய்தது. எந்தப் பகடையும் அவரை நகர்த்தவில்லை. மனிதன் காயல்ல என்பதற்கு அவருடைய கழுத்தே சாட்சி.

குடிலின் பொம்மைகள்

அங்குல உயரப் பொம்மை நமக்கும் புதிதல்ல. கர்த்தர் பிறந்த திருநாளுக்குக் குடில் வைக்கும் வீடெல்லாம் அதை அறியும். 1223-ல் அர்ச். பிரான்சிஸ் அசீசியார் கிரேச்சியோ ஊரில் முன்னிட்டியும் மாடும் கழுதையும் வைத்துப் பாலனின் பிறப்பை ஜனங்களுக்குக் காட்டினார். பிரெஞ்சுக் கலகத்தின்போது கோவில்கள் அடைபட்டன. அப்போது பிரோவான்ஸ் நாட்டு ஜனங்கள் களிமண்ணால் சிறு சுரூபங்கள் செய்து தங்கள் வீடுகளிலேயே குடில் வைத்தார்கள். ரொட்டி சுடுகிறவன், சாணை பிடிக்கிறவன், மீன் விற்கிற ஸ்திரீ என்று ஊரே அதில் உண்டு. மார்செய் நகரில் அவற்றுக்கான சந்தை 1803 முதல் நடந்து வருகிறது. அதே வருஷங்களில்தான் நெப்போலியனின் சேனைகள் ஐரோப்பாவைக் கலக்கின.

களிமண் சாணைக்காரனும் ஈயச் சிப்பாயும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒரே மாதிரித் தூரிகை, ஒரே மாதிரி வர்ணம். வித்தியாசம் என்ன? குடிலிலுள்ள பொம்மைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றன, பாலனைப் பார்க்கின்றன. அங்கே ஏழை மீன்காரிக்கும் தனி இடம் உண்டு. யாரையும் எடுத்து ஓரத்தில் வைப்பதில்லை. தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கும் பரமபிதாவின் கணக்கு அது. யுத்தத்தின் கணக்கில் இருபது பேர் ஒன்றாகிறார்கள். சர்வேசுரன் கணக்கிலோ ஒருவனுக்காக எல்லாம்.

1965, அக்டோபர் 4-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று, இனிப் போர் வேண்டாமென்று உலகத்துக்கு முறையிட்டார். அதே வருஷம் வத்திக்கான் பொதுச்சங்கம், நகரங்களை முழுவதுமாய்க் குடிகளோடு அழிக்கும் யுத்தச் செயலைச் சர்வேசுரனுக்கும் மனிதனுக்கும் விரோதமான குற்றமென்று கண்டித்தது. ஒரு நகரத்தை அழிக்கும்படி கட்டளையிடுகிறவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து படத்தைத்தான் பார்க்கிறான். அங்கே அவன் கண்ணுக்கு முகம் தெரிவதில்லை. முகம் பார்க்கப் பழகுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

செய்ய வேண்டியது

ஆகையால், வாசகரே, பொம்மைச் சிப்பாய்க்கு வர்ணம் தீட்டுவது பாவமல்ல. அதைக்கொண்டு விளையாடுவதும் தன்னிலே பாவமல்ல. மனிதரைக் காய்களாகப் பார்க்கப் பழகுவதே பாவத்தின் வாசற்படி. அந்தப் படியில் கால் வையாதிருக்க மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பிதா மாதாக்களே, உங்கள் பிள்ளை பொம்மையிலோ திரையிலோ போர் விளையாடினால், வெறுமனே அதட்டிப் பிடுங்காதீர்கள். அருகே உட்கார்ந்து, இவன் யார், இவனுக்கு அம்மா உண்டா, இவன் விழுந்தால் அவளுக்கு யார் செய்தி சொல்வார் என்று கேளுங்கள். ஒரு கேள்வி பத்துப் பிரசங்கத்துக்குச் சமம்.

இரண்டாவது, செய்தியில் போர்ச் சேதத்தின் எண்ணிக்கையைக் கேட்கும்போது, ஒரு கணம் நிறுத்தி, அந்த எண்ணில் ஒருவனையாவது முகத்தோடு நினைத்துப் பாருங்கள். நம் பட்சம், எதிர்ப் பட்சம் என்று பாராமல் நினையுங்கள்.

மூன்றாவது, யுத்தகளத்தில் மரித்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ள ஒருவருமில்லை. அவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நம் செபத்துக்குக் காத்திருக்கக் கூடும். சிப்பாய்ப் பொம்மையைத் தீட்டி முடிக்கிறவர், அதைப் பெட்டியில் வைக்குமுன், அந்தப் போரில் மாண்ட ஓர் அறியாத ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லட்டும். பொம்மை தொடாத நாமும் இன்றிரவு குடும்பச் செபமாலையின் முடிவில் அப்படியே சொல்வோம். ஈயத்துக்கு ஆத்துமம் இல்லை. ஆனால் அது யாருடைய சாயலைத் தாங்கியிருக்கிறதோ அவனுக்கு உண்டு. அவனுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்பது, அவனை ஒரு காயாக அல்ல, ஒரு சகோதரனாகக் கண்டோம் என்பதற்கு நாம் கொடுக்கக்கூடிய அத்தாட்சி.

சமாதானத்தின் இராக்கினி நம் குடும்பங்களைக் காத்தருள்வாளாக.